பெரட்டு, புரட்டு ஆன கதை: மலையகச் சொற்களைத் தொகுக்கப் போய் நான் பட்ட பாடு

இலங்கை மலையகத் தோட்டப் பேச்சில் உள்ள சொற்களையும் சொலவடைகளையும் தொகுத்து ஒரு சின்னப் புத்தகமாகப் போடலாம் என்று கிளம்பியவள் நான். ஒன்றரை லட்சம் ரூபா கரைந்தது. இரண்டு வருசத்து ஞாயிற்றுக்கிழமைகள் பஸ்ஸிலேயே போயின. கடைசியில் கைக்கு வந்த புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு அச்சகத்துப் படியில் உட்கார்ந்து அழுதேன். இந்த வேலையைத் தனியாளாகச் செய்யக் கிளம்பும் பிள்ளைகள் இப்போது பதுளைப் பக்கமும் மாத்தளைப் பக்கமும் இருக்கிறார்கள். எனக்கு யாராவது நாலு விசயம் முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதிக் காசாவது மிஞ்சியிருக்கும் என்பதால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் பிறந்தது பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில். அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா கவ்வாத்து வெட்டினார், அதாவது தேயிலைச் செடியை ஒட்ட நறுக்கினார். இப்போது கொழும்பில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். 2023இல், எங்கள் ஆட்கள் கோப்பித் தோட்ட வேலைக்கு வந்து 200 வருசம் ஆனதையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அதன் கடைசிப் பகுதியில் நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். பக்கத்தில் ஹட்டன் பையன் ஒருவன் நடந்து வந்தான். எந்த இடம் என்று கேட்டான். "எங்க வீடு பணியக் கணக்குல" என்றேன். "கணக்கா? கடை வேலையையா சொல்றீங்கக்கா?" என்றான். தோட்டத்தின் ஒரு பிரிவுக்குத்தான் கணக்கு என்று பெயர். மேலே இருப்பது மேக்கணக்கு, நடுவில் நடுக்கணக்கு, கீழே பணியக் கணக்கு. கீழே என்பதற்கு எங்கள் ஆட்கள் 'பணிய' என்பார்கள். பணிய எறங்கி வா, பணிய லயம், பணிய ரோட்டு. அந்தப் பையனின் தாத்தாவும் அப்படித்தான் பேசியிருப்பார். இரண்டு தலைமுறையில் சொல் கழன்று போயிருந்தது. அன்றைக்கே ஒரு கொப்பி வாங்கினேன்.

கொப்பியோடு போனதில்தான் முதல் சங்கடம். எங்கள் லயத்திலேயே, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளிலேயே, என்னைத் தூக்கி வளர்த்த அம்மாயி ஒருவரிடம் உட்கார்ந்து, உள்ளே கையைக் காட்டி, "இதை என்னான்னு சொல்லுவீங்க அம்மாயி?" என்று கேட்டேன். "அறை-ன்னு சொல்லுவோம் புள்ள" என்றார். அவர் வாயில் அறை என்றால் கன்னத்தில் விழுவது ஒன்றுதான். வாழ்நாள் முழுக்கக் காம்பரா என்று சொன்ன மனுசி, கொப்பியையும் பேனையையும் கண்டதும் பாடசாலைப் பிள்ளை மாதிரி நல்ல தமிழ் பேசத் தொடங்கிவிட்டார். எல்லா வீட்டிலும் இதே கதை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே 'தேநீர்' என்று எழுதச் சொன்னார்கள். எரிச்சலாக இருந்தது, பிறகு வெட்கமாக இருந்தது. டவுனில், பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில் 'தோட்டக்காட்டுப் பேச்சு' என்று சிரித்தவர்களைப் பார்த்துப் பார்த்துத்தானே இப்படி ஆகியிருக்கிறார்கள். நானே கொழும்புக்கு வந்த புதிதில் 'அங்கிட்டு, இங்கிட்டு' என்பதை நாக்கில் கடித்து விழுங்கியவள்.

அதனால் முதலில் சொல்வது இதுதான்: 'இதற்கு உங்கள் பேச்சில் என்ன சொல்?' என்று கேட்காதீர்கள். கேட்டால் உங்களுக்குப் பிடிக்கும் என்று அவர்கள் நினைக்கும் சொல்தான் வரும். வேண்டுமென்றே கொழும்புச் சொல்லைப் போட்டுப் பேசிப் பாருங்கள். நான் ஒரு நாள், "வராந்தாவுல கொஞ்சம் உக்காரட்டுமா?" என்றேன். "என்னாடி வராந்தா? இஸ்தோப்புன்னு சொல்ல வாய் வலிக்குதா?" என்று பாய்ந்தார் அதே அம்மாயி. அதற்குப் பிறகு கொப்பி பைக்குள்ளேயே இருந்தது. கடைசி வீட்டுக்குத் தொங்க வீடு, லயத்தின் பின்பக்கத்துக்குக் கோடி, தண்ணீர் விழும் குழாய்க்குப் பீலி என்று வரிசையாக வந்து விழுந்தன. திரும்பிப் போகும் பஸ்ஸில் இருட்டுக்குள்ளேயே எழுதுவேன். மறந்துபோனவையும் உண்டு, பரவாயில்லை. அடுத்த வாரம் இன்னொரு வாயிலிருந்து அது தானாக வரும்.

பதிவு செய்வதற்கு ஒரு சிறிய மைக் வாங்கினேன். மலையில் மழை வந்தால் தகரக் கூரைக்குக் கீழே ஒன்றும் கேட்காது. மே தொடக்கம் ஆகஸ்ட் வரை எடுத்த பதிவுகளில் பாதிக்கு மேல் வெறும் மழைச் சத்தம். மத்திய மலைநாட்டின் மேற்குப் பக்கம் என்றால் ஜனவரி, பெப்ரவரி, மார்ச்சில் போங்கள். ஊவாப் பக்கம் மழைக்காலம் வேறு, அங்கே உள்ளவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மைக்கைத் துணிக்குள் சுற்றி மடியில் வைத்தால் கூரைச் சத்தம் கொஞ்சம் குறையும்.

அடுத்தது வேலைச் சொற்கள். இவை வீட்டில் உட்கார்ந்து கேட்டால் வராது, கை வேலை செய்யும்போதுதான் வாய் திறக்கும். எங்கள் பேச்சில் மலை என்றால் சிகரம் இல்லை, தேயிலை நிற்கும் ஒரு துண்டு நிலம். "இன்னைக்கு எந்த மலை?" என்றால் எந்த வயலில் வேலை என்று அர்த்தம். ஒவ்வொருவருக்கும் ஒரு நெரை, அதாவது ஒரு வரிசை. எடுத்த கொழுந்தைக் கொண்டுபோய் மடுவம் என்ற கொட்டகையில் நிறுப்பது நெறுவை. அது 18 கிலோவோ 20 கிலோவோ, தோட்டம் கேட்கும் அளவுக்கு இருந்தால் பேர் விழும். குறைந்தால் அரைப்பேர். பேர் என்பது ஒரு நாள் சம்பளம். செக்றோல் என்ற வேலைப் பதிவேட்டில் பெயருக்கு நேரே விழும் அடையாளத்தைத்தான் அப்படிச் சொல்லத் தொடங்கியிருக்க வேண்டும். "இந்த மாசம் எனக்கு இருவது பேரு" என்று ஒரு பெண் சொன்னால், இருபது நாள் முழுச் சம்பளம். பேர் விழாத நாளில் அந்த வீட்டில் நடக்கும் பேச்சு எந்த அகராதியிலும் ஏறாது, அதைக் கேட்டு வளர்ந்தவள் நான்.

இதையெல்லாம் நெரையில் நின்றபடியே பதிவு செய்ய ஆசைப்பட்டுப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போனேன். கொழுந்து எடுக்கும் அக்காமார் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா வந்தார். யார், எந்தப் பத்திரிகை, எந்தத் தொழிற்சங்கம் என்று கேட்டு, ஃபோனை வாங்கிப் பார்த்து, ரோட்டு வரை பின்னாலேயே வந்து விட்டுவிட்டுப் போனார். எனக்கு அவமானம் ஒரு பக்கம், அந்த அக்காமாருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் மறுபக்கம். அன்றிரவு தூக்கமில்லை. அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பிறகு தெரிந்தது. வேலை நேரத்தில் மலைக்குள் கால் வைக்காதீர்கள். நம் ஆர்வத்துக்காக இன்னொருத்தி பேர் போகக் கூடாது. முதலில் தோட்டத் தலைவரிடமும் கோயில் கமிட்டியிடமும் போய், எதற்காக வந்தீர்கள் என்று சொல்லுங்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை பீலிக்கரைக்குப் போங்கள், அல்லது விறகுக்குப் போகிறவர்களோடு கூட நடங்கள். சுமையோடு நடக்கும்போது வரும் பேச்சுக்கு ஈடே இல்லை. ஆண்கள் வெட்டிப்போட்ட கவ்வாத்துக் குச்சிகளை மெலாறு என்பார்கள், அதுதான் எங்கள் அடுப்பு விறகு. அதைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த ஒரு அக்கா, முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்த மகனைப் பார்த்து, "யாருடா ஒனக்குக் கவ்வாத்து வெட்டுனது?" என்று கேட்டார். நான் தேடிப்போயிருந்தால் ஒரு வருசத்துக்கும் கிடைத்திருக்காது.

சொலவடைகளும் இப்படித்தான், சண்டைக்கும் கேலிக்கும் நடுவில் வரும். தேயிலைத் தூரில் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று ஆசை காட்டி ஆட்களைக் கூட்டி வந்தார்கள் என்பது எல்லா லயத்திலும் சொல்லும் கதை. ஒரு வேட்பாளர் வந்து வீடு, காணி, ரோட்டு என்று அடுக்கிவிட்டுப் போனதும், எங்கள் பக்கத்துக் காம்பரா மாமா, "ஆமா ஆமா, தூருல தேங்காயும் இருக்கு, மாசியும் இருக்கு, தோண்டிப் பாருங்க" என்றார். அப்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பொருள் தெரிந்தால் மட்டும் போதாது, யார், யாரிடம், என்ன கோபத்தில் சொன்னார் என்பதையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு அது வெறும் பழமொழி.

துண்டு என்ற சொல்லுக்கு என்னைச் சுற்ற விட்டார்கள். இளசுகளுக்கு அது சின்னக் காகிதம். ஒரு தாத்தாதான் அந்தக் காலத்துக் கதையைச் சொன்னார். ஆட்களைச் சேர்த்து வேலை வாங்கிய கங்காணியும் அவருடைய ஆட்களும் பட்ட கடனை எழுதிய சீட்டுக்குப் பெயர் துண்டு. அடுத்த தோட்டத்துத் துரை அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆட்கள் அங்கே மாற முடியும். கடன் சீட்டோடு சேர்த்து ஆட்களையே கைமாற்றினார்கள். 1921இல் சட்டம் போட்டு அந்த முறையை ஒழித்தார்கள். தாத்தாவே அதைப் பார்த்தவர் இல்லை, அவருடைய அப்பா சொன்னது. இந்த மாதிரிச் சொற்களைத் தேடும்போது எழுபது, எண்பது வயசுக்காரர்களை முதலில் பார்த்துவிடுங்கள், கொழுந்து மலை எங்கேயும் போகாது. நான் அடுத்த மாதம் போகலாம் என்று வைத்திருந்த ஒருவர், அந்த மாதம் இல்லை.

இன்னொரு வழி எதேச்சையாகத் திறந்தது. 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் பலரை நீலகிரியில் குடியமர்த்தினார்கள், அவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968இல் தமிழ்நாடு அரசு அங்கே தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அப்பாவின் சித்தப்பா குடும்பம் கோத்தகிரியில். அந்தச் சின்னத் தாத்தாவிடம் வாட்ஸ்அப்பில் பேசினேன். ரயிலை இன்னும் கோச்சி என்கிறார். தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிப்போன ரயிலுக்கு இங்கே ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். அதைக் கேட்டதும் அவர் ஃபோனை மகளிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் அவரே கூப்பிட்டு, எங்கள் லயத்தில் இப்போது யாரும் சொல்லாத சொற்களை வரிசையாகச் சொன்னார். போனவர்களிடம் பேச்சு போன நாளில் இருந்தபடியே இருக்கிறது. உங்கள் குடும்பத்தில் அப்படிப் போனவர்கள் இருந்தால் இன்றைக்கே பேசுங்கள், செலவு ஒரு ரீலோட்தான்.

இவ்வளவும் சேர்ந்த பிறகு வந்தது அச்சகம். 2022இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சையே தள்ளிப்போனது ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு கடதாசி விலை ஏறியதால் முழுக் காசையும் முன்பணமாகக் கேட்டார்கள். 96 பக்கம், 300 பிரதி, 1,20,000 ரூபா. சீட்டுக் காசும் ஒரு சங்கிலியும் அதில் போயின. மற்ற 30,000 பஸ்ஸுக்கும் மைக்குக்கும் சாப்பாட்டுக்கும் ஏற்கனவே போயிருந்தது. ஒப்புநோக்க ஒரு ஐயா இருக்கிறார், ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர், எழுத்துப் பிழையே வராது என்றார்கள். எனக்குச் சந்தோசம்.

புத்தகம் வந்தது. அட்டை அழகு. உள்ளே பெரட்டு என்று நான் எழுதிய இடமெல்லாம் புரட்டு. காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிப்பதுதான் பெரட்டு, ஆங்கிலப் பரேட்டிலிருந்து வந்தது, அந்த இடம் பெரட்டுக் களம். புத்தகத்தில் அது புரட்டுக் களம். பணியக் கணக்கு, பணிக் கணக்கு ஆகியிருந்தது. காம்பரா எல்லாம் அறை. பீலிக்கு அடைப்புக்குறிக்குள் மயிலிறகு என்று போட்டு, 'பீலியில் குளித்தார்கள்' என்ற வாக்கியத்தை அப்படியே விட்டிருந்தார்கள். மெலாறை விறகு என்று மாற்றியிருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. மிலாறு என்று தமிழ் அகராதியிலேயே இருக்கிற சொல், எங்கள் வாயில் கொஞ்சம் திரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஐயாவிடம் போய்க் கேட்டேன். கத்த வேண்டும் என்று நினைத்துப் போனேன், அவருடைய வயசைப் பார்த்ததும் குரல் வரவில்லை. "பிழையான தமிழை அச்சில ஏத்த எனக்கு மனம் வரேல்ல, பிள்ளை. உங்கட நன்மைக்குத்தான் திருத்தினனான்" என்றார். உண்மையான அன்போடுதான் சொன்னார். 'திருத்தினனான்' எந்த இலக்கணப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்கத் தோன்றியது. அவர் பேச்சு யாழ்ப்பாணத் தமிழ், அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது, இருக்கவும் வேண்டும். எங்கள் பேச்சு மட்டும் ஏன் பிழை? கேட்காமலே எழுந்து வந்தேன். அச்சக முதலாளி, "இது பிழை இல்லையே, திருத்தம்தானே, இதுக்கு எப்படிக் காசு திருப்பித் தாறது?" என்று முடித்துவிட்டார். கையில் இருந்தது ஒரு பற்றுச்சீட்டு, அதில் '300 பிரதி' என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டேன், வழக்குக்கு ஆகும் செலவு புத்தகச் செலவைத் தாண்டும் என்றார்.

ஆகவே பேச்சுத் தமிழில் எதையாவது அச்சுக்குக் கொடுக்கிறவர்கள் கவனியுங்கள். முதல் பக்கத்துக்கும் முன்னால் ஒரு தாளில், இந்தப் பிரதியில் உள்ள எழுத்துகள் பேச்சு வழக்கின்படி வேண்டுமென்றே எழுதப்பட்டவை, என் கையொப்பம் இல்லாமல் ஒரு எழுத்தும் மாற்றக் கூடாது என்று எழுதி, அச்சகத்தாரின் கையெழுத்தை வாங்குங்கள். ஒப்புநோக்கிய பிரதி உங்களிடம் வந்து, பக்கத்துக்குப் பக்கம் நீங்கள் ஒப்பமிட்ட பிறகுதான் அச்சு என்பதையும் அதிலேயே சேருங்கள். முழு முன்பணம் கேட்டால் கடதாசிக்கு மட்டும் கொடுங்கள், மீதியை ஒப்பமிட்ட பிறகு. தட்டச்சுக் கோப்பைத் திறந்த கோப்பாகக் கொடுக்காமல் பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தால் யாரும் சுலபமாகக் கை வைக்க முடியாது. கணினியில் எழுத்துப்பிழை திருத்தியையும் அணைத்து வையுங்கள், அது ஐயாவை விட மோசம். கையெழுத்துக் கொப்பிகளை எறியாதீர்கள். நான் வைத்திருந்ததால்தான் எந்தச் சொல் எப்படி இருந்தது என்று நிரூபிக்கவாவது முடிந்தது.

ஒரு பிரதியை லயத்துக்குக் கொண்டு போனேன். அம்மாயிக்கு வாசிக்கத் தெரியாது, பேரன் வாசித்துக் காட்டினான். புரட்டுக் களம் வந்ததும் அவன் சிரித்தான், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மாயி மட்டும் யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான். நூத்துக்கு அம்பது நாளு அங்க நடந்தது அதுதானே" என்றார். அந்த வாக்கியத்தை அவர் பெயர் போடாமல் அடுத்த பதிப்பில் சேர்க்கிறேன்.

300 பிரதியையும் எரித்துவிடலாம் என்று இருந்தேன். பிறகு வேறொரு அச்சகத்தில் எட்டுப் பக்கத் திருத்த இணைப்பு அடித்து, ஒவ்வொன்றிலும் நானே ஒட்டினேன். அதற்கு இன்னும் 18,000 ரூபா. ஒட்டிய பிரதிகளை ஒன்று 400 ரூபாவுக்குக் கொடுக்கிறேன், எல்லாம் போனாலும் போட்ட காசு வராது. இரண்டாவது பதிப்புக்குச் சீட்டு மறுபடி போட்டிருக்கிறேன். காமன் கூத்துச் சொற்களும், ரோதமுனி, கவ்வாத்துச்சாமி என்று வேலையோடு ஒட்டிய சாமிகளின் பெயர்களும் அதில் சேரும். ரப்பர்த் தோட்டப் பேச்சு என் புத்தகத்தில் கிடையாது. இரத்தினபுரி, களுத்துறைப் பக்கம் பால் வெட்டும் வீட்டுப் பிள்ளைகள் யாராவது அதை எடுத்துச் செய்தால், அந்த ஒப்பந்தத் தாளின் மாதிரியை நான் தருகிறேன்.